திரும்பி நிற்கச் சொன்ன இடம்

எங்கள் தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளராக இருக்கும் ஒரு பெண், நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு என் அறைக்கு வந்தாள். ராணுவ அதிகாரித் தேர்வு வாரியத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்று கேட்டாள். நான் ஒரு காலத்தில் அந்த வாரியத்துக்குப் போய் வந்தவள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். எதைக் கேட்டாலும் நான் பட்டியல் போட்டுத் தருவேன் என்பதும் ஊரறிந்தது. போட்டுக் கொடுத்தேன். ஓட்டம், கயிறு ஏறுதல், ஆங்கிலத்தில் மூன்று நிமிடப் பேச்சு, தினம் ஒரு தலையங்கம், தன்னைப் பற்றிப் பொய் கலக்காமல் எழுதுவது. இவையெல்லாம் இரண்டாம் வரியிலிருந்து. முதல் வரியில், காதைப் பரிசோதித்துக்கொள் என்று எழுதியிருந்தேன்.

"என்னா மேடம், மொதல்லயே காதா?" என்று சிரித்தாள்.

அதற்கான பதில் நின்ற நிலையில் சொல்லி முடிவதில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேலத்தில் பொறியியல் முடித்து ஓசூருக்கு வந்தேன். அப்பா கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளியில் எழுத்தர். எனக்கு வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. மூக்கண்டப்பள்ளியில் வேறு இரண்டு பெண்களோடு ஓர் அறையில் தங்கினேன். பயிற்சி ஆண்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அளக்கக் கற்றுக்கொண்டேன், அளந்ததை நம்பக் கற்றுக்கொண்டேன்.

அளவீட்டு அறை குளிரூட்டப்பட்டது, இரட்டைக் கதவு போட்டது. உள்ளே இருந்தால் கடிகாரம் ஓடுவது கேட்கும். இரண்டாவது கதவைத் திறந்தால் பிரஸ் ஷாப். தகட்டை வெட்டி வளைக்கும் எந்திரங்கள் இரண்டு வரிசையாக நிற்கும். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும், டம்ளரில் இருக்கும் டீயில் வளையம் விழும். அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும்.

பிரஸ் ஷாப்பில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அங்கே அதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ. முன்கையில் இரண்டு தட்டு தட்டினால் டை, அதாவது தகட்டை வெட்டும் அச்சு, மாற்ற வேண்டும். நெற்றியில் மேலிருந்து கீழாக விரலை இழுத்தால் சூப்பரின்டெண்ட் வருகிறார். அவர் நெற்றியில் கரிக்கோடு இட்டிருப்பார். மற்ற எல்லாவற்றுக்கும் உதடு. புதிதாக வந்தவன் ஆறு மாதத்தில் எதிரில் இருப்பவனின் உதட்டைப் படித்துவிடுவான். அதுவும் மூன்று மொழியில். தமிழ்க்காரன் உதடு, கன்னடக்காரன் உதடு, தெலுங்குக்காரன் உதடு எல்லாம் ஒரே வரிசையில் நின்று வேலை செய்தன. தூரத்தில் இருந்து பார்க்கும் எனக்கு அது ஊமைப் படம் போலத் தெரியும். அவர்கள் அதில் கெட்ட வார்த்தை உட்பட எல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

காதடைப்பான் இல்லாமல் இல்லை. ஸ்டோரில் ஒரு டப்பா நிறைய இருந்தது. தொழிற்சாலை ஆய்வாளர் வரும் நாளில் ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்து, அவர் போனதும் திரும்ப வாங்கி வைப்பார்கள். தொழிலாளர்களும் அதைக் கேட்டு வாங்கவில்லை. அடைப்பானைப் போட்டால் எந்திரத்தின் ஓசை மாறுவது தெரியாது என்றார்கள். டை விரிசல் விடும் முன் அடியின் ஒலி கொஞ்சம் மாறும். அதைக் கவனிக்காதவன் விரலை இழப்பான். அவர்கள் பயந்தது விரலுக்கு. பத்து வருடம் ஆனவர்கள் கையில் ஒன்றிரண்டு குறைந்திருப்பதைப் பார்த்தவர்கள் வேறு எதற்குப் பயப்படுவார்கள்?

மாதேஷ் அங்கே பிரஸ் ஆபரேட்டர். அஞ்செட்டிக்கு அப்பால் காட்டோரத்தில் ஒரு சிற்றூர். வீட்டில் கன்னடம். ஐ.டி.ஐ. முடித்து வேலைக்கு வந்து, தபால் வழியில் பட்டம் வாங்கியிருந்தான். ஒவ்வொரு ஷிப்டிலும் முதல் துண்டை அடித்ததும் ஆபரேட்டர் அதை எங்கள் அறைக்கு எடுத்து வர வேண்டும். நான் அளந்து பச்சைச் சீட்டு கட்டிக் கொடுத்தால்தான் அடுத்த துண்டை அடிக்கலாம். அப்படி வந்த ஒரு நாளில் என் மேசையில் இருந்த செய்தித்தாளைப் பார்த்தான். ராணுவத்தில் பெண்களை அதிகாரிகளாக எடுக்கத் தொடங்கி அப்போது ஓரிரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த விளம்பரத்தைச் சுற்றி நான் பேனாவால் கட்டம் போட்டிருந்தேன்.

தானும் அதிகாரி ஆவதற்கான எழுத்துத் தேர்வை எழுதித் தேறியிருப்பதாகச் சொன்னான். அடுத்தது வாரியத்தின் நேர்முகத் தேர்வு. வயது வரம்பின்படி அதுதான் அவனுக்குக் கடைசி வாய்ப்பு. ஏன் ராணுவம் என்று கேட்டேன். என் மேசைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தான்.

"பத்தும் இருக்குது மேடம். பத்தும் இருக்கறப்பவே போயிடணும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து தயார் செய்யத் தொடங்கினோம். மூன்றாவது ஆள் நாகராஜ், பக்கத்துத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், ஓசூர்த் தெலுங்குக் குடும்பம். அவனுக்கு விமானப்படை ஆசை. அதைவிடப் பேச்சு ஆசை. மூக்கண்டப்பள்ளிக் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் இருந்தது. அங்கே சுண்ணாம்பால் கோடு போட்டு, இரண்டு மூங்கில், ஒரு கயிறு, ஒரு காலிப் பீப்பாய் வைத்துக்கொண்டு, நிலத்தில் கால் படாமல் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குப் பீப்பாயைக் கடத்துவோம். வாரியத்தில் குழுவுக்குத் தரும் வேலை அப்படிப்பட்டது. சிவப்பு அடித்த இடத்தைத் தொடக்கூடாது என்பது அங்கே விதி. நாங்கள் சிவப்புச் செங்கல் வைத்துக்கொண்டோம்.

பிறகு குழு விவாதம். என் அறைத் தோழிகளையும் இழுத்து வந்து, வாரியத்தில் உட்காருவது போல அரைவட்டமாக உட்காருவோம். மாதேஷ் எப்போதும் ஓரத்து இடத்தைப் பிடிப்பான். அங்கிருந்து எல்லா முகமும் தெரியும். யார் பேசினாலும் உடம்போடு அவர் பக்கம் திரும்பி, முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்பான். அதிகாரிக்கு அப்படித்தான் கவனம் வேண்டும் என்று கையேடுகளில் போட்டிருந்தது. பேச ஆரம்பித்தால் குரல் கணீரென்று எழும். அதையும் கையேடுகள் கேட்டன.

"டேய், எதிரி பார்டர்ல இருக்கான். பக்கத்து ஊட்டுல இல்ல," என்பான் நாகராஜ்.

"பார்டர்ல இருக்கறவனுக்கும் கேக்கணும் இல்ல சார்," என்பான் மாதேஷ், அதே குரலில்.

குரலைக் குறைக்கச் சொன்னால் குறைப்பான். இரண்டு வாக்கியம் தாண்டுவதற்குள் மறுபடி ஏறிவிடும். எங்கள் மூவரில் தேறப்போவது அவன்தான் என்று நானும் நாகராஜும் தனியாகப் பேசிக்கொள்வோம்.

வாரியத்துக்கு முதலில் போனது நான். பெங்களூரில் ஐந்து நாள். மார்பில் எண் போட்ட துணியை மாட்டிவிடுவார்கள். அந்த ஐந்து நாளும் பெயர் கிடையாது. முதலில் அறிவுத்திறன் தேர்வு. அடுத்து உளவியல் தேர்வு: திரையில் ஒரு படம் காட்டி அணைப்பார்கள், கதை எழுத வேண்டும்; ஒவ்வொரு சொல்லாகக் காட்டுவார்கள், யோசிக்க நேரமில்லாமல் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பிறகு இரண்டு நாள் திடலில் குழு வேலைகள். இடையில் நேர்காணல். கடைசி நாள் எல்லா அதிகாரிகளும் சீருடையில் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் ஒவ்வொருவராகப் போய் வர வேண்டும். முடிவை ஒருவர் வந்து வாசிப்பார். தேறியவர்களின் எண்ணை மட்டும் வாசிப்பார். என் எண் வரவில்லை. ஏன் என்று அங்கே சொல்வதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. அன்று மாலையே ஓசூர் பஸ் ஏறினேன். அடுத்த ஞாயிறு மாதேஷுக்கு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

அவன் எண்ணை வாசித்தார்கள்.

பொதுத் தொலைபேசியிலிருந்து நாகராஜின் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டுச் சொன்னான். அவன் பேசியதை வாசலில் இருந்த காவலாளியும் கேட்டாராம். நாகராஜ் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்று எனக்குச் சொன்னான். தேறியவர்களை அங்கேயே நிறுத்தி ராணுவ மருத்துவமனையில் உடல் பரிசோதனை நடத்துவார்கள். அதற்கு மாதேஷ் பயப்படவில்லை. ஓடிப் பழகிய உடம்பு, நல்ல கண், பத்து விரல்.

திரும்பி வந்தவன் நேராக அளவீட்டு அறைக்கு வந்தான். ஷிப்ட் நேரமில்லை, கையில் துண்டும் இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நடந்ததை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

உயரம், எடை, பல், மார்பு, கண் எல்லாம் முடிந்தது. கையை நீட்டச் சொன்னார்கள், விரலை மடக்கி நிமிர்த்தச் சொன்னார்கள். அப்போது மனதுக்குள் சிரித்துக்கொண்டானாம். அடுத்த அறையில் காது மருத்துவர். இருபது அடி தூரத்தில் ஒரு கோடு. அதில் நிற்கச் சொன்னார். ஒரு காதை மூடிக்கொண்டு திரும்பி நில், நான் கிசுகிசுப்பாகச் சொல்வதைத் திருப்பிச் சொல் என்றார்.

திரும்பி நின்றான். எதிரே வெள்ளைச் சுவர். காத்திருந்தான். மருத்துவர் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தான். ரொம்ப நேரம் ஆகிறதே என்று திரும்பிப் பார்த்தபோது அவர் பாதித் தூரம் நடந்து வந்து, வாயை அசைத்துக்கொண்டு நின்றிருந்தார். முகத்தைப் பார்த்ததும் அவர் சொன்ன சொல் புரிந்தது, சொன்னான். "சுவரைப் பார்," என்றார் மருத்துவர். அதன் பிறகு ஓர் ஒலிபுகா அறையில் உட்கார வைத்துக் கருவியால் அளந்தார்கள்.

வாரியம் காரணம் சொல்வதில்லை. மருத்துவர்கள் சொல்கிறார்கள், ஒரே வரியில். இரு செவியிலும் கேட்புக் குறைவு, இரைச்சலால் ஏற்பட்டது, தகுதியற்றவர்.

அந்த ஐந்து நாளையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். படம் திரையில் வரும். சொல்லும் திரையில் வரும். விவாதத்தில் எல்லா முகமும் தெரியும். நேர்காணல் அதிகாரி மேசைக்கு எதிரே இருப்பார். திடலில் எல்லோரும் கத்துவார்கள். முதுகுக்குப் பின்னால் மெல்லப் பேசும் இடம் அந்த ஐந்து நாளில் ஒன்றுகூட இல்லை. நாங்கள் தயாரித்த மாதங்களிலும் இல்லை. முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்க்கிறான் என்று நாங்கள் மெச்சிய அந்தப் பார்வை, கண்ணுக்குக் கொஞ்சம் கீழே, உதட்டில் இருந்திருக்கிறது. அதிகாரிக் குரல் என்று நாங்கள் சொன்னது, தன் குரல் தனக்குக் கேட்கும் அளவுக்கு அவன் ஏற்றிக்கொண்டது.

மேல்முறையீடு உண்டு. ஆறு வாரத்துக்குள், வெளி மருத்துவர் ஒருவரின் சான்றோடு போனால், வேறு மருத்துவர்கள் மறுபடி பார்ப்பார்கள். பெங்களூரில் ஒரு காது மருத்துவரிடம் அவனை அழைத்துப் போனேன். ஒலி அளக்கும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி அவன் எந்திரத்தின் அருகில் அளந்திருந்தேன். அந்த எண்ணைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார். மாதேஷின் முகத்துக்கு நேராக, நிதானமாகப் பேசினார். இரைச்சலில் காது இரண்டு விதமாகக் கெடும். ஒன்று களைப்பு, அமைதியில் இருந்தால் திரும்பும். இன்னொன்று சேதம், அது திரும்பாது. உனக்கு இரண்டும் கலந்திருக்கும். எது எவ்வளவு என்று இன்று சொல்ல முடியாது. பிரஸ்ஸின் பக்கமே போகாமல் இருந்துவிட்டு வா, பார்க்கலாம் என்றார்.

ஆக, வேண்டியது ஆறு வார அமைதி. அதைக் கேட்கத்தான் நானும் அவனும் சூப்பரின்டெண்ட் ராவிடம் போனோம்.

ராவ் தார்வாட் பக்கத்துக்காரர், தாய்மொழி கன்னடம். இருபது வருடத்துக்கு மேல் பிரஸ் ஷாப்பிலேயே இருந்தவர். யாரையும் கை நீட்டிக் கூப்பிடமாட்டார், விசில் அடிக்கமாட்டார். யாரிடம் பேச வேண்டுமோ அவன் எதிரில் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு முழ தூரத்தில் நிற்பார். அவன் எந்திரத்தை நிறுத்தி நிமிரும்வரை காத்திருப்பார். அதன் பிறகே உதட்டை அசைப்பார். திட்டுவதும் அப்படித்தான், திட்டு வாங்கியவனுக்கும் அவருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அந்த மரியாதைக்காகவே அவரைத் தொழிலாளர்களுக்குப் பிடிக்கும்.

வழக்கம்போல் கேட்க வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டு போயிருந்தேன். முதலாவது, பேக்கிங் பிரிவுக்கு ஆறு வார மாற்றல். இல்லையென்றால் சம்பளமில்லா விடுப்பு. அதுவும் இல்லையென்றால் சிறிய பிரஸ்ஸும், தினமும் காதடைப்பானும். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"நோடம்மா, மூணும் நியாயம்தான். ஆனா மாத்தறதுக்குக் காரணம் எழுதணும். காதுன்னு எழுதினா கம்பெனி டாக்டர்கிட்ட போகும். அவர் பிரஸ் ஷாப்புக்கு ஆகாதுன்னு எழுதுவார். இவன் இன்னும் பர்மனென்ட் ஆகலே. பிரஸ்ஸுக்கு ஆகாத பிரஸ் ஆபரேட்டரை நான் எங்கே வெச்சுக்கறது?"

காரணம் எழுதாமல் விடுப்பு தர முடியாதா என்று கேட்டேன்.

"ஆறு வாரமா? இந்த ஆர்டர் ஓடறப்பவா?" என்றார். மூன்றாவதற்கு, சிறிய பிரஸ் இரண்டும் விரல் போனவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார். பிறகு மாதேஷைப் பார்த்தார். "ராணுவம் எடுக்கலேன்னா என்ன மாதேஷா? நான் எடுத்திருக்கேன் இல்லே? ரெண்டு மாசத்துல பர்மனென்ட் ஆயிடும். யோசனை பண்ணு."

அன்பாகத்தான் சொன்னார். அதை அவனுக்குச் செய்யும் உதவியாகவே நினைத்தார்.

நாங்கள் எழுந்தோம். அவர் அலமாரிப் பக்கம் திரும்பி எதையோ தேடத் தொடங்கினார். கதவருகே போனபோது, அந்த அடைப்பான் டப்பாவையாவது நாளையிலிருந்து திறந்து வைக்கச் சொல்லுங்கள் சார் என்றேன். பதில் இல்லை. கோபமோ என்று நினைத்து, இன்னும் சத்தமாக, சார் என்றேன். அவர் ஒரு கோப்பை உருவி, தூசி தட்டிக்கொண்டிருந்தார். மாதேஷ் என் கையைத் தொட்டான். அவன் உதடு அசைந்தது, குரல் இல்லை. எனக்கும் அந்த நேரம் உதடு புரிந்தது.

"அவருக்குக் கேக்காது மேடம். ஷாப்ல எல்லாருக்கும் தெரியும்."

வெளியே வந்த பிறகு மீதியைச் சொன்னான். சீனியர்கள் யாருக்கும் சரியாகக் கேட்காது. அதனால்தான் எதிரில் போய் நிற்கும் பழக்கம். வயதானால் வருவது, முடி நரைப்பது போல என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். இருபத்தைந்து வயதில் தனக்கு வந்திருக்கும் என்று நினைக்கவில்லை.

மறுநாள் வேலையை விட்டான். நாகராஜ் கொதித்துப் போனான். ஆறு வாரத்துக்காக யாராவது கம்பெனி வேலையை விடுவார்களா என்று அரை மணி நேரம் திட்டினான். மாதேஷ் முழுவதையும் அவன் உதட்டிலிருந்து படித்துவிட்டுச் சொன்னான்.

"வேலை வேற கெடைக்கும் சார். வயசு கெடைக்காது."

ஊருக்குப் போய்விட்டான். நான்காவது வாரம் நானும் நாகராஜும் அவனைப் பார்க்கப் போனோம். தேன்கனிக்கோட்டையில் பஸ் மாறி, அஞ்செட்டி இறங்கி, வந்த ஒரு டிராக்டரில் ஏறி, மீதி நடை. அம்மா மாடு மேய்க்கப் போயிருந்தார். களியும் கொள்ளுக் கடைசலும் மூடி வைத்திருந்தார். மாதேஷ் வாசலுக்கு வந்து ஏதோ சொன்னான். எனக்குச் சரியாக விழவில்லை. நாகராஜ் காதருகே கையை வைத்துக்கொண்டு குனிந்தான்.

"என்னடா, இப்ப எனக்குக் காது போயிடுச்சா?"

மாதேஷ் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான். அவனை நான் அறிந்த நாளிலிருந்து முதல்முறையாக, பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கும் குரலில் பேசினான். மாடு அசை போடுவது கேட்கிறது என்றான். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்கும் முன்பு ஓர் ஓசை வருமே, அது கேட்கிறது என்றான். இதெல்லாம் கேட்காமல் இருந்ததே அவனுக்குத் தெரியாது.

அளவு நாடா கொண்டு போயிருந்தேன். இருபது அடி அளந்து கோடு கீறி அவனைத் திருப்பி நிறுத்தினேன். வலது காதுக்கு நான் கிசுகிசுத்த சொற்களில் ஒன்றிரண்டு தவிர எல்லாம் சொன்னான். இடது காதுக்குப் பாதி. அவன் எந்திரத்தில் காற்று பீறிடும் குழாய் இடப்பக்கம் இருந்தது. இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்றேன்.  நாகராஜ் களியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். திரும்பி வரும் பஸ்ஸில் ராணுவப் பயிற்சி அகாடமிக்குப் போக என்ன பெட்டி வாங்க வேண்டும் என்பது வரை பேசினோம்.

மேல்முறையீட்டுப் பரிசோதனை நாளில் நான் விடுப்பு எடுத்துப் போய், பெங்களூரில் மருத்துவமனைக்கு வெளியே நின்றேன். உள்ளே போனவன் மதியம் தாண்டி வந்தான். வலது காது தேறியது. இடது காது, கிசுகிசுப்பில் ஓரளவு சமாளித்தது. கருவி ஒத்துக்கொள்ளவில்லை. மெல்லிய உயர்ந்த ஒலிகள் இருக்க வேண்டிய இடத்தில் கருவி வரைந்த கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. இந்தப் பகுதி திரும்பாது என்று மருத்துவர் வருத்தத்தோடு சொன்னாராம். இவ்வளவு இளம் வயதில் எங்கே வேலை பார்த்தாய் என்றும் கேட்டாராம். இவன் பழைய கம்பெனியின் பெயரைச் சொல்லவில்லை. அவர்கள் மீது புகார் வந்துவிடும் என்று பயந்தானோ, திரும்பவும் அங்கே வேலை கேட்கலாம் என்று நினைத்தானோ, எனக்குச் சொல்லவில்லை.

ஓசூர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். மௌனமாக இருக்க என்னால் முடியவில்லை. அவன் செய்யக்கூடிய வேலைகளை அடுக்கினேன். வங்கித் தேர்வு, ரயில்வே, மின்வாரியம், போலீஸ். ஒவ்வொன்றுக்கும் அவன் தலையசைத்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தான். ரயில்வேயில் காது பார்ப்பார்கள். போலீஸில் பார்ப்பார்கள். மின்வாரியத்துக்குப் பதிவு மூப்பு வர ஆண்டுகள் ஆகும். வங்கிக்கு மறுபடி படிக்க வேண்டும். அதுவரை வீட்டுக்கு யார் அனுப்புவது? பெரிய கம்பெனிகளிலும் இப்போது டாக்டர் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள்.

"பிரஸ் ஷாப்ல மட்டுந்தான் மேடம், யாரும் காதைக் கேக்க மாட்டாங்க," என்றான்.

அடுத்த திங்கட்கிழமை மூக்கண்டப்பள்ளித் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் சேர்ந்தான். தகரக் கூரை, நான்கு பிரஸ். அனுபவம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்களாம்.

நான் அடுத்த ஆண்டு தரக்கட்டுப்பாட்டை விட்டேன். சென்னையில் தொழிற்பாதுகாப்புப் படித்துவிட்டு, இதே பகுதிக்கு வேறொரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரியாகத் திரும்பி வந்தேன். மீதிப் பணிக்காலம் முழுவதும் அதுதான். வேலையில் சேருபவரைச் சேரும் நாளிலேயே கேட்புப் பரிசோதனைக்கு உட்படுத்துவது, ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பது, பிரஸ்ஸைச் சுற்றி ஒலித் தடுப்புப் போடுவது, அடைப்பான் டப்பாவுக்குப் பூட்டு இல்லாமல் வைப்பது. சொல்வதற்கு நான்கு வரி. முதல் பரிசோதனையின் முடிவுகளைப் பார்த்த நிர்வாகம் அடுத்த ஆண்டு அதை நிறுத்தியது. அளந்தால்தானே இருப்பது தெரிகிறது என்று ஒரு மேலாளர் என்னிடமே சொன்னார். மறுபடி தொடங்க வைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. இடையில் கெட்ட காதுகளுக்கு யாரும் பொறுப்பில்லை. இழப்பீடு கேட்கலாம் என்று நான் சொன்னவர்களில் பெரும்பாலானோர் கேட்கவில்லை. கேட்டால் வேலை போகும், கேட்காவிட்டால் காது மட்டும் போகும் என்று அவர்கள் கணக்கு போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கில் தவறில்லாமல் இருந்ததுதான் எனக்குக் கடைசிவரை ஆறாதது.

சென்னைக்குக் கிளம்பும் முன்பு மாதேஷிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று அவன் அறைக்குப் போனேன். பட்டறையில் சேர்ந்து சில மாதம் ஆகியிருந்தது. வரிசை வீடுகளில் ஒன்று. ஊரிலிருந்து அம்மா ராகி மாவோடு வந்து தங்கியிருந்தார். அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், நான் யார் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். மகனுக்காக அலைந்தவள் என்று தெரிந்திருந்தது. உள்ளே கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்தி, எனக்காகத் தமிழில் பேசினார்.

"ஏம்மா, வேலய வுட்டுட்டு ஊட்டுல வந்து குந்திக்கினான் பாரு, அப்ப நான் பயந்தே போயிட்டேன். வாயத் தொறந்தா சத்தமே வராது. காத்து மாரி பேசறான். என்னா நோவோ என்னாவோன்னு, நாலணாவ மஞ்சத் துணியில முடிஞ்சு வெச்சி வேண்டிக்கினேன். இங்க வந்து பாத்தா நல்லாத் தேறிட்டான். பழயபடி கணீர்னு பேசறான்."

உள்ளேயிருந்து மாதேஷ், யாரும்மா வந்திருக்கறது என்று தெருக்கோடி வரை கேட்கும்படி கேட்டான். அவர் என் பெயரைச் சொன்னார். அவன் மறுபடி அதே கேள்வியை, அதே குரலில் கேட்டான்.

பார்த்தாயா என்பது போல அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. வேண்டுதலைச் செலுத்த அமாவாசைக்கு ஊருக்குப் போவதாகச் சொன்னார்.